ஃபார்ம் நிரப்புவதும் நம் வேலைதான்: ஒரு சமூகப்பணி மாணவிக்குப் பதில்

கேள்வி:

மேடம், நான் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஃபீல்ட் ஒர்க்குக்காக ஒரு அரசு குழந்தைகள் மருத்துவமனையில், ரத்தப் புற்றுநோய் வார்டில் போட்டிருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள். மூன்று வாரமாகக் காப்பீட்டு ஃபார்ம் நிரப்புவதும் ஜெராக்ஸ் கடைக்கு வழி காட்டுவதும்தான் வேலை. டாக்டர்கள் என்னைக் கண்டுகொள்வதே இல்லை. ஏழு வயதுப் பையன் ஒருவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "எம் புள்ள பொழைச்சிடுவானா பாப்பா" என்று கேட்டார். பதில் வராமல் நானும் சேர்ந்து அழுதுவிட்டேன். அவருக்கு 500 ரூபாய் கொடுத்தேன், என் நம்பரும் கொடுத்தேன், இப்போது இரவு 11 மணிக்கெல்லாம் போன் வருகிறது. போன வாரம் அந்தப் பையனின் அப்பா "போதும், ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று நின்றார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் பாட்டியிடம் இருக்கிறார்களாம். சிஸ்டர் என்னைப் பார்த்து "நீ கவுன்சலிங் பண்ணும்மா" என்றார். என்ன பேசுவதென்றே தெரியவில்லை. நான் இந்த வேலைக்கு ஏற்றவள்தானா? பிளாக் பிளேஸ்மென்ட்டுக்கு (ஒரு மாதம் தினமும் போகிற பயிற்சிக்கு) வேறு இடம் கேட்கலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த அப்பா விஷயம். மற்றதையெல்லாம் அடுத்த மாதம் பேசினாலும் ஆகும், இது அப்படி இல்லை.

ஏழு வயது, ரத்தப் புற்றுநோய் என்றால் அநேகமாக லிம்போபிளாஸ்டிக் வகையாக இருக்கும், குழந்தைகளுக்கு அதிகம் வருவது அதுதான். நல்ல சிகிச்சை முழுசாகக் கிடைக்கிற நாடுகளில் இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேர் பிழைத்து வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். நம் பக்கம் அந்த அளவு இல்லாததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போவது. மருந்து அதேதான், அதைக் கொடுக்கிற முறையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று வருஷம் ஓடுகிறது, ஒரு கூலித் தொழிலாளி குடும்பம் அத்தனை நாள் அதைத் தாங்கி நிற்க வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் குழந்தைப் புற்றுநோய்க்கென்று தனியாக ஒரு முன்முயற்சி தொடங்கி, 2030க்குள் உலகம் முழுக்க குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கை எட்டுவதில் டாக்டருக்கு எவ்வளவு பங்கோ, வார்டில் உட்கார்ந்து "ஏன் போறீங்க?" என்று கேட்கிற ஆளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று நான் மனதார நம்புகிறேன்.

சிஸ்டர் கவுன்சலிங் பண்ணச் சொன்னார் என்கிறீர்கள். வார்டில் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் "போகாதேன்னு சொல்லி நிறுத்து" என்று பொருள். நீங்கள் அதைச் செய்யப் போகாதீர்கள். அந்த மனிதரிடம் ஏற்கெனவே பி.ஜி. (மேற்படிப்பு படிக்கிற) டாக்டர் சொல்லியிருப்பார், சிஸ்டர் சொல்லியிருப்பார், பக்கத்து பெட் அம்மாகூடச் சொல்லியிருப்பார். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். வார்டுக்கு வெளியே, மனைவி முன்னால் இல்லாமல், முடிந்தால் டீ குடிக்கிற நேரத்தில். "ஊருக்குப் போனா என்ன செய்யறதா இருக்கீங்க?" என்று கேட்டால் போதும். போகக் கூடாது என்று சொல்ல வந்த ஆள் இல்லை என்று தெரிந்தாலே பாதி பேர் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

என்னவெல்லாம் வரும் என்று நான் கேட்டவரைக்கும் சொல்கிறேன். முதல் மாதக் கீமோ முடிந்ததும் பையன் எழுந்து ஓடுகிறான், நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு ஊசி என்பது ஒன்று. அது அறியாமை இல்லை, கண்ணால் பார்ப்பதை நம்புகிறார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நோய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்திருக்கிறதே தவிர வேரோடு போகவில்லை என்பதை டாக்டரை வைத்தே அவருக்குச் சொல்ல வைக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் இன்னொன்று, ஊரில் யாராவது ஒருவர் அதைச் சொல்லி அனுப்பியிருப்பார். அப்புறம் மூன்றாவது, இதுதான் வெளியே வர நேரம் எடுக்கும்: கடன். மகளிர் குழுவிலோ மைக்ரோ ஃபைனான்ஸிலோ வாங்கியிருப்பார்கள், வாரா வாரம் டியூ கேட்டு வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பார், வீட்டிலோ வயதான பாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளும் மட்டும்தான். அந்தப் பெண் பிள்ளைகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. பெரியவளுக்கு என்ன வயது, பள்ளிக்கூடம் போகிறாளா, பாட்டிக்குக் கண் தெரிகிறதா, ராத்திரி துணைக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு தகப்பன் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு மற்ற இரண்டைக் காப்பாற்றப் போகிறார் என்றால் அது கல்நெஞ்சு ஆகாது, கணக்குப் போட்டுப் பார்த்து வேறு வழி தெரியாமல் எடுத்த முடிவு.

செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். குழந்தையைப் பாதியில் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள், கேஸ் ஷீட்டில் "பெற்றோர் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியாகிவிட்டது. சூளைக்குத் திரும்பாவிட்டால் தம்பி குடும்பத்தை அங்கேயே நிறுத்தி வைப்போம் என்று மிரட்டியிருக்கிறார்கள் என்பது உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது, அப்படி ஆளை நிறுத்தி வைப்பது குற்றம், வருவாய்க் கோட்டாட்சியர் வரைக்கும் கொண்டுபோக வேண்டிய விஷயம் அது. கீமோவோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று டாக்டர் கேட்கலாம். முழுக்க முழுக்க சம்பந்தம் இருக்கிறது.

அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்த பிறகு உங்கள் சூப்பர்வைசரோடு உட்கார்ந்து எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று பிரித்துப் பாருங்கள். அப்பா வேலைக்குப் போய், அம்மா மட்டும் இங்கே இருந்தால் ஆகுமா? சில ஊசிகளை அவர்கள் மாவட்டத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே போட முடியுமா என்று யூனிட் சீஃப்பிடம் கேட்கலாமா? புற்றுநோய் நோயாளிக்கும் கூட வருகிற ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, மருத்துவமனைச் சான்று வேண்டும், இது பல குடும்பங்களுக்குத் தெரிவதே இல்லை. எல்லாம் செய்தும் அவர் போகத்தான் போகிறார் என்றால், எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற அன்றைக்கு யாரும் அவரைத் திட்டி அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டு வாங்கிப் போனவர்கள் காய்ச்சல் வந்தாலும் திரும்பி வர வெட்கப்படுவார்கள். அடுத்த தேதி, வார்டு போன் நம்பர், காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது என்பது, இந்த மூன்றும் ஒரு தாளில் தமிழில் எழுதி அவர் சட்டைப்பையில் போக வேண்டும்.

சரி, இப்போது ஃபார்ம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட ஃபார்மை நிரப்புவது எழுத்தர் வேலை என்று நினைக்கிறீர்கள். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறது என்று சான்று வேண்டும். அதற்கு அப்பா என்ன வேலை பார்க்கிறார், மாதத்தில் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று கேட்கிறீர்கள். ரேஷன் கார்டைப் பார்க்கிறீர்கள். பையன் பெயர் கார்டில் இல்லை. ஏன் இல்லை? கூட்டுக் குடும்பக் கார்டைப் பிரிக்க மாமனார் சம்மதிக்கவில்லை, அல்லது இவர்கள் காதல் கல்யாணம், இரண்டு வீட்டிலும் சேர்க்கவில்லை, அல்லது முதல் மனைவி பெயர் இன்னும் கார்டில் இருக்கிறது. ஐந்து நிமிஷம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டால், ஒரு முழு வீட்டு விசாரணையில் கிடைக்கிற விஷயம் அந்த ஒரு கட்டத்தில் இருந்து கிடைக்கும். யாரிடம் உதவி கேட்க முடியும், யாரிடம் கேட்கவே முடியாது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதுவும், அம்மாவுக்கு நீங்கள் யாரென்று தெரியாத நாளில், "என் கஷ்டத்தைக் கேட்க வந்திருக்கு இந்தப் பொண்ணு" என்று கூச்சப்படாமல் பேச ஒரு சாக்கு கிடைக்கிறது. அந்தச் சாக்கு உங்களுக்கும் வேண்டும்.

அப்புறம் அந்தக் காப்பீட்டு அட்டை ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சைக்குக் கொடுக்கும், ஆனால் பஸ் டிக்கெட்டுக்குக் கொடுக்காது, போன கூலியைக் கொடுக்காது, கூட இருப்பவர் சாப்பாட்டுக்குக் கொடுக்காது. அட்டை கையில் இருந்தும் ஏன் விட்டுப் போகிறார்கள் என்பதற்குப் பதில் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கிற ஒரே ஆள் அந்த வார்டில் நீங்கள்தான்.

அமெரிக்காவில் மருத்துவ சமூகப்பணி தொடங்கியதும் இதே இடைவெளியில்தான். 1905இல் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், ரிச்சர்ட் கேபட் என்ற டாக்டர், தான் எழுதிக் கொடுக்கிற ஓய்வும் சத்தான சாப்பாடும் அந்த ஏழை நோயாளிகளுக்கு நடக்கிற காரியமே இல்லை என்று கண்டுகொண்டு, வீட்டு நிலைமையைப் பார்க்க கார்னெட் பெல்டன் என்ற நர்ஸை வேலைக்கு வைத்தார். அவருக்கு அறை கிடையாது, புறநோயாளிப் பிரிவில் தாழ்வாரத்து மூலையில் ஒரு மேஜை. அவருக்குக் காசநோய் வந்து விலகியதும் ஐடா கேனன் வந்தார், துறையைக் கட்டி எழுப்பினார். நம் நாட்டில் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் 1946இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில்தான் வந்தார். டாக்டர்கள் கண்டுகொள்ளவில்லை என்பது உங்கள் குறை இல்லை, உங்களுக்கு முந்தியும் அப்படித்தான் இருந்தது.

டாக்டர்கள் கண்டுகொள்ள வைக்க ஒரு வழி இருக்கிறது. ரவுண்ட்ஸ் நடக்கும்போது போய் நிற்காதீர்கள், அது அவர்கள் நேரம். ரவுண்ட்ஸ் முடிந்து பி.ஜி. டாக்டர் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு விஷயம், அவருக்குத் தெரியாத, அவருக்கு உதவுகிற விஷயம் சொல்லுங்கள். "டாக்டர், 14ஆம் பெட் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மாத்திரையை நிறம் பார்த்துத்தான் கொடுக்கறாங்க, இந்த முறை அட்டை மாறியிருக்கு." இவ்வளவுதான். நாலு முறை இப்படி நடந்தால், ஐந்தாவது முறை அவரே உங்களைத் தேடுவார். ஆயாம்மாவிடமும் பழகுங்கள். எந்த அம்மா சாப்பிடாமல் பிள்ளை மிச்சம் வைத்ததைச் சாப்பிடுகிறாள் என்பது ஆயாம்மாவுக்குத்தான் முதலில் தெரியும்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். "பொழைச்சிடுவானா" என்றால் "கண்டிப்பா பொழைப்பான்மா" என்று சொல்லக் கூடாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் வாய் வரவில்லை. அது சரியான தயக்கம். "கடவுள் பார்த்துப்பார்" என்றும் நீங்களாகச் சொல்ல வேண்டாம், அவர் சொன்னால் மறுக்கவும் வேண்டாம். "அதை டாக்டர்தான் சொல்ல முடியும்மா, நாம ரெண்டு பேரும் போய்க் கேட்கலாம், என்னென்ன கேட்கணும்னு இப்பவே எழுதி வச்சுக்கலாமா?" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு உண்மையிலேயே கூடப் போங்கள், டாக்டர் பேசும்போது பக்கத்தில் நில்லுங்கள், வெளியே வந்ததும் "டாக்டர் என்ன சொன்னாங்க, நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். பயத்தில் காதில் விழுந்தது பாதிதான் இருக்கும். மீதியை நீங்கள் நினைவுபடுத்தலாம், அல்லது திரும்பப் போய்க் கேட்கலாம். சில நேரம் அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறொன்று இருக்கும்: "நான் ஏதாவது தப்பு பண்ணேனா, மாசமா இருக்கும்போது ஏதாவது சாப்பிட்டேனா?" அதைப் பெரும்பாலான அம்மாக்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் மாமியார் வாயிலிருந்து அந்தக் குற்றச்சாட்டு ஏற்கெனவே வந்திருக்கும். இந்த நோய்க்கும் அவர் சாப்பிட்டதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் வாயால், மாமியார் இருக்கும்போதே சொல்ல வைத்தால், அந்த வார்டில் நீங்கள் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்றாக அது இருக்கும்.

அழுததற்கு வெட்கப்பட வேண்டாம். அழுத பிறகு அவர் உங்களைத் தேற்ற வேண்டியிருந்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அப்படி ஆகியிருந்தால், அடுத்த முறை முட்டிக்கொண்டு வரும்போது ஒரு நிமிஷம் வெளியே போய்விட்டு வாருங்கள், கட்டாயம் திரும்பி வாருங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் எப்போதும் கேட்காதீர்கள்: "ஏம்மா இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?" அந்த ஊரில் காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் மாத்திரை, அப்புறம் கிளினிக்கில் ஊசி, அப்புறம் கோவிலில் மந்திரித்து ஒரு கயிறு, அப்புறம் தாலுகா மருத்துவமனை, அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்து இங்கே அனுப்பியிருப்பார்கள். ஒவ்வொரு படியிலும் அவர்கள் ஏதோ செய்துகொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் "முதல்ல யார்கிட்ட காட்டினீங்க?" என்று கேளுங்கள், முழுக் கதையும் வரும். கீமோவில் முடி கொட்டிய பிள்ளைக்கு "பழனிக்கு மொட்டை போட்டோம்" என்று ஊரில் சொல்லிவைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வீட்டில் புற்றுநோய் என்று தெரியக் கூடாது என்பதற்காக. அதைப் பொய் என்று பார்க்காதீர்கள். வீட்டுக்கு நீங்கள் போன் செய்யும்போது, விசிட் போகும்போது, யார் காதில் என்ன விழலாம் என்று முன்கூட்டியே அந்த அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம். கொடுத்தாகிவிட்டது, திரும்பக் கேட்காதீர்கள், ஆனால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். இனிமேல் வேண்டாம். சாயங்காலத்துக்குள் அந்த வார்டில் எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்திருக்கும், அவர்களில் பத்து பேருக்குக் கொடுக்க உங்களிடம் பணம் இல்லை. அதைவிட எனக்குக் கவலை வேறு: காசு கொடுத்த ஆளிடம் மனிதர்கள் நன்றி சொல்வார்கள், மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். "ரெண்டு வாரமா மாத்திரை கொடுக்கலை" என்று உங்களிடம் ஒத்துக்கொள்ள அவருக்கு இனி கஷ்டமாக இருக்கும். மருத்துவமனைக்கு உதவுகிற அறக்கட்டளைகள், நன்கொடையாளர்கள் பட்டியல் சமூகப்பணிப் பிரிவில் இருக்கும், இல்லையென்றால் அந்தப் பட்டியலைத் தயாரிப்பதையே உங்கள் ஃபீல்ட் ஒர்க்கில் ஒரு பகுதியாக வையுங்கள், அடுத்த வருஷம் வருகிற மாணவருக்கும் ஆகும்.

போன் நம்பர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் தூக்கம் கெடுகிறது என்பதால் மட்டும் இல்லை. கீமோ ஓடுகிற குழந்தைக்கு வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும்போது காய்ச்சல் வந்தால், அது சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாக மாறலாம். பையன் வீட்டுக்குப் போயிருக்கும் ஒரு நாளில் ராத்திரி 11 மணிக்குக் காய்ச்சல் அடித்து, அந்த அம்மா உங்களுக்குப் போன் போட்டு, நீங்கள் தூங்கிவிட்டு, "பாப்பா காலைல எடுக்கும், கேட்டுக்கலாம்" என்று அவர் காத்திருந்தால்? அதனால் இந்த வாரமே அவரிடம் சொல்லுங்கள்: "பகல்ல, நான் வார்டுக்கு வர்ற நாள்ல பேசலாம்மா. காய்ச்சல், ரத்தக் கசிவு, மூச்சுத் திணறல்னா எனக்குப் போன் போட்டு நேரத்தை விடாதீங்க, 108ஐக் கூப்பிடுங்க, வார்டுக்குச் சொல்லுங்க." சொன்னதை அவர் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறவருக்குச் சொல்லாமல் விட முடியாது. எந்தக் குழந்தையாவது "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைப் பத்திரமா வச்சுக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் அதைப் போலீஸுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி கட்டாயம், மாணவி என்பதால் விலக்கு கிடையாது. அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட வேண்டும், குழந்தையை நீங்களே துருவித் துருவிக் கேட்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 எப்போதும் கையில் இருக்கட்டும்.

ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. "தாயார் மிகுந்த மன உளைச்சலில் காணப்பட்டார்" என்று எழுதாதீர்கள், அது எந்த வார்டிலும் எந்த அம்மாவுக்கும் பொருந்தும். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், அப்போது உங்களுக்குள் என்ன ஓடியது என்பதையும் எழுதுங்கள். ஐ.சி.யில், அதாவது உங்களோடு தனியாக உட்கார்ந்து பேசும்போது, சூப்பர்வைசர் உங்களுக்கு உதவ முடிவது அந்த வரிகளை வைத்துத்தான். பையனைப் பற்றியும் எழுதுங்கள். உங்கள் கடிதம் முழுக்க அப்பா, அம்மா, சிஸ்டர், டாக்டர் எல்லாரும் பேசுகிறார்கள், அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன்னைச் சுற்றி நடப்பது நாம் நினைப்பதைவிட அதிகமாகத் தெரியும். ஒரு தாளும் கலர் பென்சிலும் கொடுத்து அவனோடு உட்காருங்கள். ஸ்டீராய்டில் முகம் வீங்கி, எந்நேரமும் பசி, தொட்டதற்கெல்லாம் கோபம் என்று இருப்பான், அது மருந்து செய்கிற வேலை என்று அவனிடமே சொல்லுங்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டு, ஹெட்மாஸ்டருக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் போக ஏற்பாடு செய்யுங்கள், நீண்ட நாள் வரவில்லை என்று எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவிலிருந்து பெயர் எடுபட்டுவிடாமல் இருக்க.

ஏற்றவள்தானா என்று கேட்டீர்கள். மூன்று வாரத்தில் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு அம்மா வார்டில் இத்தனை பேர் இருக்க உங்கள் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார், வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைகள் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறார்கள். அது எனக்கு நம்பிக்கை தருகிறது.

பிளாக் பிளேஸ்மென்ட்டுக்கு வேறு இடம் கேட்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வாரம் இரண்டு நாள் போகும்போது நீங்கள் திங்கட்கிழமை பார்த்த குழந்தை வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் ஆகியிருக்கும், எதுவும் தொடர்ந்து பார்க்கக் கிடைக்காது. ஒரு மாதம் தினமும் போனால்தான் ஒரு குடும்பம் எப்படி மாறுகிறது, உங்கள் பேச்சு எங்கே எடுபட்டது, எங்கே இல்லை என்று தெரியும். அதே மருத்துவமனைக்குக் கேளுங்கள், முடிந்தால் அதே வார்டு. கல்லூரியிலிருந்து அனுமதிக் கடிதத்தை இப்போதே வாங்கி டீன் அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள், அங்கே கையெழுத்தாகி வர நாளாகும். அதற்கு முன்னால், அடுத்த ஃபீல்ட் ஒர்க் நாள் வரைக்கும் காத்திருக்காமல், நாளைக்குக் காலையிலேயே சூப்பர்வைசருக்குப் போன் செய்து அந்த அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.